நோய் அடங்கிவிட்டது; 'நான் குறைந்தவன்' என்ற எண்ணம் மட்டும் அடங்கவில்லை

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். இங்கே பிறர் எழுதுவதை நெடுநாளாக வாசித்து வருகிறேன். நானாக ஒரு கேள்வியை எழுதுவது இதுவே முதல்முறை.

பைபோலார் என்று மருத்துவர்கள் சொல்லும் இருதுருவ மனநிலைக் கோளாறு எனக்குக் கல்லூரி இறுதியாண்டில் வந்தது. மருத்துவமனையில் சேர்த்தார்கள், மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரையைத் தொடங்கினார்கள், இடையில் ஒருமுறை நோய் மீண்டும் தலைதூக்கியது; அதன்பின் சில ஆண்டுகளாக அடங்கியே இருக்கிறது. மதுரையில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஆண்டுக் கணக்கு முடிப்பது, வரி தாக்கல் செய்வது, வெளியூர்ப் பாக்கியை வசூலிப்பது என எதிலும் என்மீது குறை சொல்ல முதலாளிக்கு நான் இடம் கொடுத்ததில்லை. ஆகவே என் கேள்வி நோயைப் பற்றியது அன்று.

சென்ற ஆண்டு திண்டுக்கல் கிளையின் பொறுப்பை ஏற்கும்படி முதலாளி கேட்டார். அப்பாவுக்கு உடல்நிலை சரியில்லை என்று சொல்லி மறுத்துவிட்டேன். அப்பா நலமாகத்தான் இருக்கிறார். 'உன்னைப் போன்றவனை நம்பி ஒரு கடையை ஒப்படைப்பதா?' என்ற எண்ணம் எனக்குள் எழுந்தவுடன், முதலாளி என்ன நினைக்கிறார் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. பெண் பார்க்கும் பேச்சை அம்மா எடுத்தபோதும் இப்படித்தான் நடந்தது. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, கால்சியம் மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்துபோகும் மாமா, மச்சான் கண்ணில் அட்டையின் பெயர் பட்டுவிடக் கூடாது என்பதற்காக. லித்தியம் அளவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனைக்கும் தெருமுனையில் இருக்கும் ஆய்வகத்தை விட்டுவிட்டு, பேருந்து ஏறி வேறு பகுதிக்குப் போகிறேன்.

வீட்டில் நான் சற்று உரக்கச் சிரித்தாலோ, தம்பியிடம் குரலை உயர்த்தினாலோ, 'மாத்திரை போட்டியா?' என்று அம்மா கேட்பார். அந்தக் கேள்வி வந்த கணத்தில், நான் கோபப்பட்டதற்கு நியாயமான காரணம் இருந்ததா என்பதே எனக்கு மறந்துபோகிறது.

வெளியில் எவரும் என்னை இழிவாக நடத்தியதில்லை. என்னைக் குறைத்து மதிப்பிடுகிறவன் நான் ஒருவன்தான். தன்னம்பிக்கையோடு இரு என்று பலர் சொல்லிவிட்டார்கள். அந்த அறிவுரையை வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் என்ன செய்வது என்பது எனக்கு விளங்கவில்லை. இதிலிருந்து மீண்டவர்கள் இருந்தால், எப்படி மீண்டீர்கள் என்று சொல்ல வேண்டுகிறேன்.

கொள்ளிடம்:

தம்பிக்கு வணக்கம். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 'வெளியில் எவரும் என்னை இழிவாக நடத்தியதில்லை' என்று நீங்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது.

இழிவுபடுத்த ஒருவரும் வராதபோதே தன்னை ஒதுக்கிக்கொள்வது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2009இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக 27 நாடுகளில் மனச்சிதைவு நோயுள்ள 732 பேரிடம் பேசினார்கள். நூற்றுக்கு 64 பேர், எப்படியும் ஒதுக்கிவிடுவார்கள் என்று எண்ணி வேலைக்கோ படிப்புக்கோ விண்ணப்பிக்காமலே நின்றுவிட்டவர்கள். 55 பேர் நெருங்கிய உறவு ஒன்றைத் தேடும் முயற்சியைக் கைவிட்டவர்கள். 72 பேர் நோயை மறைத்தே ஆக வேண்டும் என்று கருதியவர்கள். வேலை தேடுவதிலும் உறவிலும் உண்மையில் ஒதுக்கப்பட்ட அனுபவம் ஏதும் இல்லாமலே ஒதுக்கப்படுவோம் என்று அஞ்சியவர்கள் மூன்றில் ஒருவருக்கு மேல் இருந்தார்கள் என்பதும் அதே ஆய்வில் பதிவாகியிருக்கிறது. திண்டுக்கல் கிளையை மறுத்தபோது நீங்கள் நின்ற இடம் அதுதான்.

ஒருவரும் சொல்லாத சொல் உள்ளே எப்படி வந்தது என்று கேட்டால், நோய்க்கு முன்பே வந்துவிட்டது என்பதே விடை. புரூஸ் லிங்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1980களிலேயே இதை விளக்கினார்: மனநோயாளியை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதை நாம் சிறுவயதிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறோம், அப்போது அது நம்மைப் பற்றியதன்று என்பதால் உறுத்துவதில்லை, நோயின் பெயர் நமக்குச் சூட்டப்பட்ட அன்று, கற்றதெல்லாம் நம்மைப் பற்றியதாகிவிடுகிறது. தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. 1794இல் தொடங்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாக எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகளைத் தேற்றி அனுப்பியிருக்கும் ஒரு மனநல மருத்துவமனை இன்று இருக்கும் இடம் என்பதற்காகவே கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரை நாம் வசையாக்கி வைத்திருக்கிறோம். பள்ளி மைதானத்தில் அந்தச் சொல்லைச் சொல்லிச் சிரிக்காத பிள்ளை உண்டா? உங்களைக் குறைத்து மதிப்பிடுகிறவர் நீங்கள் ஒருவர்தான் என்கிறீர்கள்; அந்த மதிப்பீட்டை உங்கள் கையில் கொடுத்தது ஊர்.

பேட்ரிக் காரிகன் என்ற உளவியலாளர் இதைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். ஊர் இப்படி நினைக்கிறது என்று அறிவது ஒரு படி. ஊர் நினைப்பது சரிதான் என்று ஒப்புக்கொள்வது அடுத்த படி. ஆகவே நானும் அப்படித்தான் என்று தன்மேல் ஏற்றிக்கொள்வது அதற்கும் அடுத்தது. அதன் விளைவாகவே 'பிறகு எதற்கு முயல வேண்டும்?' என்ற சோர்வு வருகிறது. முதல் படியை நம்மால் தவிர்க்க முடியாது. ஒப்புக்கொள்வது மட்டும் நம் கையில் இருக்கிறது. மருத்துவமனையில் நாங்கள் வேலை செய்ததும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இனி மறுநாள் காலையில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நீங்கள் கணக்கர்; வவுச்சர் இல்லாத செலவை ஏட்டில் ஏற்ற மாட்டீர்கள். 'உன்னைப் போன்றவனை நம்பலாமா?' என்ற எண்ணத்துக்கும் அதே விதியைப் பொருத்திப் பாருங்கள். முதலில் அதைக் குறிப்பான குற்றச்சாட்டாக மாற்றி ஒரு நோட்டில் எழுதுங்கள்: பணத்தைத் தவறவிடுவேனா, வேலைக்கு வராமல் நின்றுவிடுவேனா, வாடிக்கையாளரிடம் கத்துவேனா? பிறகு ஒவ்வொன்றுக்கும் இந்தச் சில ஆண்டுகளில் நடந்தது என்ன என்பதை மட்டும், தேதியோடும் நிகழ்ச்சியோடும் எழுதுங்கள். இடையில் நோய் தலைதூக்கிய நாள்களையும் விடாமல் எழுதுங்கள். எத்தனை நாள் வேலை நின்றது, எப்போது திரும்பினீர்கள், எந்தக் கணக்கு கெட்டது, எது கெடவில்லை என்பவை அதில் வரட்டும். நல்லதை மட்டும் எழுதினால் உங்கள் மனமே அதை நம்பாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நோய் இருப்பதை ஏற்றுக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் மருத்துவமனையில் ஓயாமல் சொல்வோம். லைசாக்கர், ரோ, யானோஸ் ஆகிய மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு அதில் ஒரு திருத்தம் செய்தது. நோயை நன்றாக உணர்ந்து, அதே சமயம் ஊரின் இழிவான பார்வையையும் ஏற்றுக்கொண்டவர்களிடம் நம்பிக்கையும் தன்மதிப்பும் மிகக் குறைவாக இருந்தன. நோயை உணர்ந்து, இழிவை ஏற்காதவர்கள் அவ்வாறு இல்லை. ஆகவே மாத்திரையைத் தவறாமல் போடும் உங்கள் பொறுப்புணர்வும், 'நான் குறைந்தவன்' என்ற எண்ணமும் ஒன்றோடொன்று பிணைந்தவை அல்ல. இரண்டாவதை விடுவதற்கு முதலாவதை விட வேண்டியதில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: மாத்திரையை நிறுத்தினால் அவமானமும் நின்றுவிடும் என்று எண்ணி, மருத்துவரைக் கேளாமல் நிறுத்திவிட்டுத் திரும்பவும் வார்டுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நெய்தல்:

அண்ணா, எனக்கு மனச்சிதைவு நோய். சென்னையில் ஓர் அச்சகத்துக்கு மெய்ப்பு திருத்தும் வேலை செய்கிறேன். காதில் குரல் கேட்பது எனக்கு முழுமையாக நிற்கவில்லை. மருந்தால் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

கொள்ளிடம் ஐயா சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் எனக்கு நோட்டு மட்டும் போதவில்லை. தனியாக உட்கார்ந்து எழுதும்போது குற்றம் சாட்டுவதும் நான், சாட்சி சொல்வதும் நான், தீர்ப்பு எழுதுவதும் நான். எவ்வளவு நல்ல சாட்சியம் இருந்தாலும் அந்தத் தீர்ப்பு எனக்கு எதிராகவே முடிந்தது. என்னை மாற்றியது, இதே நோயுள்ளவர்கள் மாதமொருமுறை கூடும் ஒரு குழு. முதல் கூட்டத்தில் ஆட்டோ ஓட்டும் ஒருவர் பேசினார். இரவு மாத்திரை போட்டால் காலையில் மந்தம் தெளிய நேரமாகிறது என்பதால், பள்ளிக்கூடச் சவாரியை விட்டுவிட்டு முற்பகலில் தொடங்கி மாலை வரை ஓட்டுவதாகவும், மருத்துவரிடம் பேசி மாத்திரை நேரத்தை முன்னுக்குத் தள்ளியதாகவும் சொன்னார். சவாரிக்கான நேரத்தைப் பற்றி மற்றவர்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படியே அவர் பேசினார். அவரைக் குறைந்தவராக எண்ண எனக்குத் தோன்றவில்லை. அவர் குறைந்தவர் இல்லை என்றால் நான் மட்டும் எப்படிக் குறைந்தவள் என்ற கேள்வி, வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் எழுந்தது. தன்மேல் காட்ட முடியாத நியாயத்தைப் பிறர்மேல் காட்டுவது நமக்கு எளிதாக இருக்கிறது. குழுவில் அந்த நியாயம் சுற்றிச் சுற்றி நம்மிடமே வந்து சேர்கிறது.

இதற்கென்றே வடிவமைத்த குழுச் சிகிச்சையும் உண்டு. ஐயா குறிப்பிட்ட அதே யானோஸ், ரோ, லைசாக்கர் மூவரும் உருவாக்கிய முறை அது. ஏறத்தாழ இருபது அமர்வுகள் நடக்கும். நோயைப் பற்றிய பொய்யான நம்பிக்கைகளைப் பிரித்து அறிவது, எண்ணங்களைச் சோதிப்பது, பிறகு தன் வாழ்க்கையைத் தானே கதையாகச் சொல்லிப் பழகுவது என்று அது போகும். அந்த முறை தமிழில் நடக்குமிடம் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. உங்கள் மருத்துவரிடம் நோயாளர் குழு எங்கே கூடுகிறது என்று கேளுங்கள். இல்லையென்றால் வெளிநோயாளர் வரிசையில் மாதாமாதம் உங்கள் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு நாள் பேச்சுக் கொடுங்கள்.

வேறொன்றிலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. 'இதுவும் சர்க்கரை நோய் மாதிரிதான், மூளையில் ஒரு வேதிப்பொருள் குறைபாடு' என்று ஆறுதல் சொல்லும் வழக்கம் பரவியிருக்கிறது. நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் 2013இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, இத்தகைய உயிரியல் விளக்கம் நோயாளி மேல் பழிபோடுவதைக் குறைத்தாலும், இனி இது தேறவே தேறாது என்ற அவநம்பிக்கையைக் கூட்டுகிறது என்று கண்டது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. மூளையே பழுது என்று கேட்டபின் முயற்சிக்கு எங்கே இடம்? எனக்குத் தெம்பு தந்தது வேறொரு செய்தி. சென்னையில் 1980களின் தொடக்கத்தில், முதன்முறையாக மனச்சிதைவு கண்ட 90 பேரைச் சேர்த்து, அவர்கள் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று கால்நூற்றாண்டு வரை பின்தொடர்ந்தார்கள். அவர்களில் வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள், குடும்பம் நடத்தியவர்கள் இருந்தார்கள், நோய் திரும்பத் திரும்ப வந்து துன்பப்பட்டவர்களும் இருந்தார்கள். அந்த ஆய்வைப் பின்னர் தொடர்ந்து நடத்திய, மனச்சிதைவுக்கான ஸ்கார்ஃப் நிறுவனத்தை 1984இல் தொடங்கிய டாக்டர் சாரதா மேனன், அதற்கு முன் நீண்ட காலம் அதே கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைவராக இருந்தவர். நாம் வசையாகச் சொல்லும் ஊரிலிருந்துதான் அந்த நம்பிக்கையும் கிளம்பி வந்தது.

மறைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பெண்ணாக இருப்பதால் அதற்கு என்ன விலை என்பதை அறிவேன். காரிகன் குழுவினர் தயாரித்த ஒரு பயிற்சியில், யாரிடமும் சேராமல் ஒதுங்கியிருப்பதில் தொடங்கி ஊரறியப் பேசுவது வரை பல நிலைகளைக் காட்டி, ஒவ்வொன்றிலும் வரும் நன்மையையும் இழப்பையும் நம்மையே எடைபோடச் சொல்கிறார்கள். தேர்ந்தெடுத்த சிலரிடம் மட்டும் சொல்வதும் அதில் ஒரு நிலைதான். யாரிடமும் சொல்லாமல் இருப்பதுகூடத் தவறில்லை. ஆனால் மறைக்கும் வேலையே நாள் முழுவதையும் தின்னத் தொடங்கினால் ஒருவரிடமாவது சொல்வது நல்லது. நான் அச்சகத்தில் ஒரே ஒரு அக்காவிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'அதனால்தான் வெள்ளிக்கிழமை மதியம் லீவு கேட்கிறியா, முன்னாடியே சொல்லியிருந்தா நான் பார்த்துக்கிட்டிருப்பேனே' என்றார். எல்லோரும் அப்படி இருக்க மாட்டார்கள்; ஆனால் அப்படி இருப்பவர்கள் உண்டு என்பது சொன்னபிறகுதான் தெரிந்தது.

பொருநை:

வைகைக்கரை தம்பி, நான் நெல்லைப் பக்கம். உங்களைப் போலவே இருதுருவக் கோளாறுள்ள ஒரு மகனின் தகப்பன். உங்கள் தாயார் கேட்கும் 'மாத்திரை போட்டியா?' என்ற கேள்வியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அந்தக் கேள்வியில் இழிவு இல்லை, பயம்தான் இருக்கிறது. பிள்ளைக்கு நோய் முற்றிய இரவைக் கண்ட தாய்க்கு, உரத்த சிரிப்பு ஒவ்வொன்றும் அந்த இரவின் தொடக்கமாகவே கேட்கும். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் பலர் மனநோய் தீர வேண்டி, குணசீலம் கோயிலுக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் பிள்ளைகளை அழைத்துச் சென்றவர்கள். அவர்கள் பக்தியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி வெந்து மடிந்த செய்தியை வாசித்தவர்கள் நாங்கள். நம் பிள்ளையை அந்த நிலைக்கு விட்டுவிடக் கூடாது என்ற அச்சம்தான், மகனின் ஒவ்வொரு அசைவையும் உற்றுப் பார்க்க வைக்கிறது. தாய்க்கு அது காவல், பிள்ளைக்கு அது சந்தேகம்.

எங்கள் வீட்டில் மருத்துவரின் முன்னிலையில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். நோய் திரும்பும்போது என் மகனிடம் முதலில் தெரியும் அறிகுறிகள் எவை என்று அவனையே சொல்லச் சொல்லி, ஒரு தாளில் எழுதினோம். இரவு தூக்கம் வெகுவாகக் குறைந்தும் களைப்பு தெரியாமல் இருப்பது, கைப்பணத்தைக் கணக்கின்றிச் செலவழிப்பது, ஒரு பேச்சிலிருந்து மறு பேச்சுக்குத் தாவிக்கொண்டே இருப்பது, நள்ளிரவில் பழைய நண்பர்களுக்குத் தொலைபேசியில் பேசுவது ஆகியவை அதில் உண்டு. இவற்றில் இரண்டு சேர்ந்து, இரண்டொரு நாள் நீடித்தால் மட்டும் நாங்கள் கேட்கலாம். அப்போதும் மாத்திரையைப் பற்றிக் கேட்பதில்லை, 'டாக்டரைப் பார்த்துட்டு வருவோமா?' என்றுதான் கேட்கிறோம். கோபம் அந்தப் பட்டியலில் இல்லை. அதை நீக்கச் சொன்னவன் என் மகன். 'எல்லா மனுஷனுக்கும் வர்ற கோபம் எனக்கும் வரணும்' என்றான். மருத்துவர் சரியென்றார். அந்தத் தாள் எங்கள் வீட்டு அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது. என் மனைவிக்கும் அதனால் நிம்மதிதான். எதற்குப் பயப்பட வேண்டும் என்பது எழுத்தில் வந்துவிட்டதால், மற்றவற்றுக்குப் பயப்படத் தேவையில்லாமல் போயிற்று.

நீதிப்பேராணை:

வழக்கறிஞர் என்ற முறையில் சுருக்கமாக எழுதுகிறேன். சட்டம் தங்களைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைத் தெரியாமலே பலர் தங்களுக்குத் தாங்களே தடை விதித்துக்கொள்வதைப் பார்க்கிறேன்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒருவருக்கு மனநோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டதாலேயே அவர் சித்த சுவாதீனமற்றவர் ஆகிவிட மாட்டார் என்று வெளிப்படையாகக் கூறுகிறது. அப்படி அறிவிக்கும் அதிகாரம் உரிய நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, உங்கள் நோய் பற்றிய செய்தியை மருத்துவமனை காப்பாற்ற வேண்டிய இரகசியம் என்கிறது. 21ஆம் பிரிவு, உடல்நோய்க்கு உள்ளது போலவே மனநோய்ச் சிகிச்சைக்கும் மருத்துவக் காப்பீடு வழங்க வேண்டும் என்கிறது. ஆனால் காப்பீட்டு விண்ணப்பத்தில் நோயைப் பற்றிக் கேட்கப்பட்டால் உண்மையையே எழுத வேண்டும். மறைத்தால் பின்னர் இழப்பீடு கேட்கும்போது அதைக் காரணம் காட்டி மறுப்பார்கள்.

திருமணத்தைப் பற்றி வைகைக்கரை அவர்கள் ஒரு வரி எழுதியிருந்தார். மனநோய் வந்தவர் எவரும் மணம் செய்துகொள்ளக் கூடாது என்று இந்துத் திருமணச் சட்டம் சொல்லவில்லை. நோய் எந்த அளவில் இருக்கிறது, மணவாழ்வுக்குத் தகுதியற்றவராக ஆக்கும் அளவுக்கு இருக்கிறதா என்பதே அதன் கேள்வி. விவாகரத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் 1988இல், நோயின் பெயர் மட்டும் போதாது, அதன் தீவிரத்தைப் பார்க்க வேண்டும் என்றே தீர்ப்பளித்தது. அதே வேளையில், முக்கியமான செய்தியை மறைத்துச் சம்மதம் பெற்றால் 12ஆம் பிரிவின்கீழ் திருமணமே செல்லாது என்று வழக்கு வர வாய்ப்புண்டு. ஆகவே வேலையிடத்தில் யாரிடமும் சொல்லாமல் இருக்கலாம். மணக்கப்போகும் பெண்ணிடம் மட்டும் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே, நீங்களே, நேரில் சொல்லிவிடுங்கள். தரகர் வாயிலாகச் சொல்லி அனுப்பும் செய்தி எப்படிப் போய்ச் சேரும் என்பதற்கு எவரும் பொறுப்பேற்க முடியாது.

வைகைக்கரை:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பொருநை ஐயா எழுதியதை அம்மாவிடம் உரக்க வாசித்துக் காட்டினேன். 'அடுத்த தடவை டாக்டர்கிட்ட நானும் வர்றேன், நாமளும் எழுதிக்குவோம்' என்றார். கொள்ளிடம் ஐயா சொன்ன நோட்டையும் தொடங்கியிருக்கிறேன். பணத்தைத் தவறவிடுவேன் என்ற குற்றச்சாட்டுக்கு எழுத எதுவும் இல்லை. வேலைக்கு வராமல் நின்றுவிடுவேன் என்பதற்கு, நோய் திரும்பியபோது விடுப்பில் இருந்த காலம் உண்மையாகவே இருக்கிறது. அதை எழுதும்போது கை தயங்கியது. ஆனால் அந்த விடுப்புக்கு முன் வசூல் ஏட்டை உடன் வேலை செய்பவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனேன் என்பது எழுதும்போதுதான் நினைவுக்கு வந்தது.

நெய்தல் சகோதரிக்கு ஒரு கேள்வி. திண்டுக்கல் கிளைப் பேச்சை முதலாளி இந்த வாரம் மறுபடியும் எடுத்தார். தீபாவளி வியாபாரத்துக்கு முன்பே ஆள் வேண்டுமாம். இம்முறை ஒப்புக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். ஒப்புக்கொண்டால் நோயைப் பற்றி அவரிடம் சொல்லியாக வேண்டுமா? சொல்லாமல் ஏற்றால் அவரை ஏமாற்றுவது போல இருக்கிறது. சொன்னால் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வாரோ என்றும் இருக்கிறது.

நெய்தல்:

அண்ணா, கிளையை ஏற்பதும் நோயைச் சொல்வதும் தனித்தனியான முடிவுகள். முதலாவதற்கு அவர் தேதி கேட்கிறார், அதற்கு இப்போதே பதில் சொல்லுங்கள். இரண்டாவதற்கு எவரும் தேதி குறிக்கவில்லை. அவர் உங்களைக் கூப்பிடுவது உங்கள் வேலையைப் பல ஆண்டுகள் பார்த்தபிறகு. அந்த வேலையை நோயோடுதான் செய்தீர்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

ஆனால் வேலைக்கு உங்களுக்கு என்னென்ன தேவை என்பதை, நோயின் பெயரைச் சொல்லாமலே கேட்கலாம். இரத்தப் பரிசோதனைக்கும் மருத்துவரைப் பார்க்கவும் ஒரு நாள் காலை வேண்டும் என்றால், 'தொடர்ந்து ஒரு சிகிச்சையில் இருக்கிறேன், அதற்கு இந்த நாள் காலை வேண்டும்' என்று சொல்லுங்கள், அவ்வளவு போதும். அதற்குமேல் அவர் கேட்டால், அந்த இடத்தில் அவரை எவ்வளவு நம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து நீங்கள் முடிவு செய்யலாம். சொல்ல வேண்டிய வாக்கியத்தை முன்கூட்டியே எழுதி, வீட்டில் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். எங்கள் குழுவில் இதைப் பலமுறை செய்கிறோம். ஒருவர் முதலாளியாக உட்காருவார்.

கொள்ளிடம்:

சகோதரி சொன்னது சரி. நான் சேர்ப்பது ஒன்றுதான். தீபாவளி சமயத்தில் ஜவுளிக்கடை நள்ளிரவு வரை திறந்திருக்கும், அதன்பின் இருப்புக் கணக்கு பார்ப்பார்கள். உங்கள் நோய்க்குத் தூக்கம் கெடுவது பெரிய தூண்டுதல் என்பதால், பொறுப்பேற்கும்போதே கடை மூடும் வேலையை மற்றொருவரோடு முறைவைத்துப் பிரித்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். கிளைப் பொறுப்பாளருக்கு அந்த அதிகாரம் உண்டு. லித்தியம் போடுகிறவர் நாள் முழுதும் கூட்டத்தில் நின்று தண்ணீர் குடிக்க மறந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். தலைவலி, முதுகுவலி என்று கடையில் யாராவது கொடுக்கும் வலி மாத்திரைகளில் சிலவும் அப்படி ஏற்றும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் என்று தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். சீசன் தொடங்கும் முன் ஒருமுறை மருத்துவரைப் பார்த்து, திண்டுக்கல்லில் எங்கே இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது என்பதையும் அவரிடமே கேட்டு முடிவு செய்துவிடுங்கள்.